ரேடியம் பட்டை ஒட்டிய கோட்டு

“கையைத் தோள்மேல போட்டானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க அக்சிலியா! சுத்தி வளைக்காதீங்க!”

“போட்ட மாதிரிதானுங்க இருந்துச்சு.”

“மாதிரியா? காலைல கோயில் வாசல்ல எங்கிட்டச் சொன்னப்ப இந்த மாதிரியெல்லாம் இல்லீங்களே!”

கேட்டவள் சேலத்துப் பிலோமினா, மாப்பிள்ளை ஜூடின் அம்மா. நாங்கள் நின்றது பெண்ணின் அப்பா ஞானதாஸ் அண்ணன் வீட்டு முன்னறையில். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, ஒரே சுவர். அன்றைக்கு அந்தச் சுவரில் காது வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் என்னையே கூப்பிட்டு நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

“ஏனுங்க சம்பந்தி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஊடு தெருவோரமா இருக்குது,” என்றார் ஞானதாஸ் அண்ணன்.

“தெருவுக்கு முன்னாடியே தெரியுமுங்க! எங்களுக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சிருக்குது!”

“அப்படி எதுவும் இல்லீங்க. என்ற புள்ள அப்படிப்பட்டவ இல்லீங்க.”

அவர் மனைவி தெரசம்மாள் அக்கா மட்டும் பிலோமினாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ எங்கூட்டுல உக்காந்து, எங்கூட்டு டிவியில பாத்துப்போட்டு, என்ற புள்ளையப் பத்திக் கோயில் வாசல்ல பேசுவியா அக்சிலியா?”



நடந்ததை முறையாகச் சொல்கிறேன். எங்கள் தெரு நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பகல் முழுக்க வெல்டிங் வெளிச்சம், தகரம் தட்டும் சத்தம். ஞானதாஸ் அண்ணன் அதில் ஒரு பட்டறையில் பெயிண்ட் வேலை. அவருடைய ஒரே மகள் ஜோஸ்லின் அதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்துக்குப் போனாள், முதியோர் இல்லத்தில் வேலை. ஸ்காட்லாந்து என்றதும் ஏதோ பெரிய நகரம் என்று நினைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் ஆண்ட்ரூஸ் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; எந்த ஊருக்கும் முதல் வண்டி எப்போது என்றுதான் அவருக்கு யோசனை போகும். போனில் வரைபடத்தை விரித்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். நாடு முடிகிற இடத்தில் தர்ஸோ என்று ஒரு புள்ளி. அதற்கு மேல் கடல்தான்.

“இதுக்கு மேல பஸ் போகாது. டெர்மினஸ்,” என்றார்.

அந்த ஊரைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் தெருவே மனப்பாடம் செய்து வைத்திருந்தது. மரமே கிடையாதாம், காற்று வளர விடாதாம். வயலுக்கு வேலியாகக் கற்பலகைகளை நெட்டுக்குத்தாக நட்டிருப்பார்களாம். “நம்மூர்க் கல்லுக்காலு மாதிரிதான் புள்ள!” என்று ஞானதாஸ் அண்ணனுக்கு அதில் ஒரு சந்தோஷம். ஜூன் மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் பேப்பர் படிக்கலாம். ஜனவரியில் காலை ஒன்பதுக்குத்தான் விடியும், மூன்றரைக்கெல்லாம் விளக்கு வைத்துவிட வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் எதிர்த்தாற்போல் ஒரு தீவின் சிவப்புப் பாறை தெரியும். அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கு ஒரு கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போகும்.

காலையில் விடியாது என்ற ஒரு விஷயம்தான் ஞானதாஸ் அண்ணனை உறங்க விடவில்லை. “ஏழு மணிக்குக் கும்மிருட்டுல ரோட்டோரமா நடந்து போவாளாம். பின்னாடி வர்ற வண்டிக்காரனுக்கு எப்படித் தெரியும்?” அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். லாரியின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒட்டுவார்களே, வெளிச்சம் பட்டால் பளீரென்று திருப்பி அடிக்கிற ரேடியம் பட்டை, அதை எடுத்து வந்தார். பெங்களூரில் வாங்கிய அவளுடைய தடித்த கோட்டின் முதுகில் குறுக்கே ஒன்று, இரண்டு கைகளிலும் வளையமாக ஒவ்வொன்று. ஒட்டினது நிற்காது என்று தார்ப்பாய் தைக்கிற தீர்த்தகிரியிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போட்டு வாங்கினார். ஜோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, இதுல ‘ஹாரன் அடிக்கவும்’ன்னும் எழுதிருங்க!” என்றாள். ஆனாலும் போட்டுக்கொண்டுதான் போனாள்.

அந்த ஊர்க் கடற்கரையில் பலகைமேல் நின்று அலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள் உண்டாம். அவர்கள் வீட்டிலிருந்தே அலையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கூரைமேல் கேமரா ஒன்றை வைத்து, இருபத்துநான்கு மணி நேரமும் இணையத்தில் விட்டிருந்தான். அலை, மணல், கரையோர நடைபாதை, கம்பி வேலி, வரிசையாக விளக்குக் கம்பங்கள். ஜோஸ்லின் வேலைக்குப் போகிற வழி அதுதான் என்பதால், அண்ணன் வீட்டு டிவியில் தினமும் அதைப் போடுவார்கள். அங்கே காலை ஏழு பத்து என்றால் நமக்குப் பகல் பன்னிரண்டு நாற்பது. மூன்றாவது கம்பத்தடியில் அவள் நின்று திரும்பிக் கையை ஆட்டுவாள். கட்டைவிரல் உயரத்தில் ஓர் உருவம், முகம் தெரியாது. ஆனால் விளக்கு பட்டதும் பட்டை பளீரென்று அடிக்கும். “வந்துட்டா!” என்பாள் தெரசம்மாள் அக்கா. எழுந்துபோய் டிவியின்மேல், அந்த உருவத்தின்மேல், கட்டைவிரலால் சிலுவை போடுவாள். ஞானதாஸ் அண்ணன் சாப்பாட்டுக்கு வரும் நேரத்தையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். நானும் என் சமையலை மாற்றிக்கொண்டேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஆகஸ்டில் ஜோஸ்லின் லீவில் வந்தபோது ஜூடோடு நிச்சயம் ஆனது. அவனுக்குச் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒல்லியான, மரியாதையான பையன். ஜோஸ்லினுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவன் பேர் சொல்லும்போதெல்லாம் அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்ததை நானே பார்த்தேன். பார்த்ததில் நிஜமானது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. கல்யாணம் ஜனவரிக் கடைசியில். ஜனவரி பிறந்ததும் கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, கடைசியில் ஒரு வரி சொல்வார்கள்: இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

சின்ன வயதிலிருந்து எத்தனை ஓலை கேட்டிருப்பேன்! ஒரு தடவைகூடச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவில் வந்த வியாழக்கிழமை, பன்னிரண்டு நாற்பதுக்குப் பட்டை பளீரென்றது. கை ஆடியது. சிலுவையும் போட்டாயிற்று. குக்கர் விசில் அடிக்க, தெரசம்மாள் அக்கா உள்ளே போனாள். அண்ணன் அன்றைக்குச் சங்ககிரிக்குப் போயிருந்தார். அறையில் நானும், திரையில் அந்தக் கோட்டும்தான். அப்போது இருட்டிலிருந்து ஓர் ஆண் வந்தான். உயரம். கோட்டின் தோளில் கையைப் போட்டான். கோட்டு அவன்மேல் சாய்ந்தது. இரண்டும் சேர்ந்து படத்தை விட்டுப் போயின.

“சாப்புட்டுட்டுப் போறியா அக்சிலியா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இல்லீங்க்கா, அடுப்புல வெச்சுட்டு வந்தேன்,” என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஆண்ட்ரூஸ்கூட “ஒடம்பு கிடம்பு சரியில்லையா புள்ள?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. ‘கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்ற வார்த்தை நேராக என் மடியில் வந்து விழுந்தது. பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்க்கப் போனேன். அவர் பாதி கேட்டதுமே கையை உயர்த்திவிட்டார்.

“அக்சிலியா, தடைன்னா முன்னாடியே கல்யாணம் ஆனது, ரத்த உறவு, அந்த மாதிரி. கேமராவுல பாத்ததெல்லாம் தடையில்ல. ஊட்டுக்குப் போங்க. போற வழியில நிக்காமப் போங்க.”

நிற்காமல்தான் போனேன். பிலோமினா வாசலில் நின்றாள், மூன்றாவது ஓலையைக் கேட்கச் சேலத்திலிருந்து வந்திருந்தவள். “என்னங்க அக்சிலியா, சாமியார்கிட்ட ரொம்ப நேரமாப் பேசிட்டு வாரீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். செபமாலைக்குப் பேர் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று நாள் அடக்கின வாய். சொன்னேன். சொன்னதிலும் தோளில் போட்ட கையை இடுப்பு வரைக்கும் இறக்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்த முன்னறை. மறுபடியும் அங்கே வருகிறேன்.

கத்தி ஓய்ந்ததும், மூலையில் உட்கார்ந்திருந்த ஜூட் தன் போனிலிருந்து ஜோஸ்லினைக் கூப்பிட்டான். அங்கே காலை பத்தரை. தலை கலைந்து, கண் சிவந்து, அப்போதுதான் தூங்கப் போன முகத்தோடு வந்தாள்.

“என்ன எல்லாரும் இருக்கீங்க? அக்சிலியாக்காகூட இருக்காங்க?”

பிலோமினா கேட்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஜோஸ்லின் எழுந்து உட்கார்ந்தாள்.

“எந்த நாளு?”

“வியாழக்கிழமை,” என்றேன்.

“அது நான் இல்ல.”

“பின்ன ஆரு? கோட்டு உன்றதுதானே?” என்றாள் தெரசம்மாள் அக்கா.

“கோட்டு என்றதுதான்மா. போட்டிருந்தது ஷைனி. கோட்டயத்துக்காரி, என்கூட வேலை பாக்கறா. தோள்மேல கை போட்டது அவ வீட்டுக்காரரு. அவளுக்கு மூணு மாசம், காத்துல தள்ளாடறான்னு அன்னிக்கு ஜங்ஷன் வரைக்கும் கொண்டுவந்து விட்டாரு.”

“உன்ற கோட்டை அவ எதுக்குப் போடறா?”

ஜோஸ்லின் எல்லாவற்றையும் சொன்னாள். நவம்பரிலிருந்து அவளுக்கு ராத்திரி டியூட்டி. இல்லத்தில் தூக்கம் வராத ஒரு கிழவி, ஜோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அமைதியாகப் படுப்பாளாம். ராத்திரி வேலை பார்க்க மாட்டேன் என்று கிளம்பும்போது அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். சொன்னால் அம்மா அழுவாள். சொல்லாவிட்டால் பன்னிரண்டு நாற்பதுக்கு டிவி காலியாக இருக்கும். அதனால் காலை டியூட்டிக்கு வரும் ஷைனிக்குக் கோட்டைக் கொடுத்திருக்கிறாள். “மூணாவது கம்பத்துக்கிட்ட நின்னு கையை மட்டும் ஆட்டிட்டு வா, எங்கம்மா பாத்துட்டு இருப்பாங்கன்னு சொல்லியிருந்தேன். அவளும் ஒரு நாள்கூட மறக்கல.”

தெரசம்மாள் அக்கா டிவியைத் திரும்பிப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது. “ரெண்டு மாசமா நான் சிலுவை போட்டது ஆருக்கு, கண்ணு?”

“அவளுக்கும் வேணுமேம்மா. புள்ளைத்தாச்சி,” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள் ஜோஸ்லின்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் உள்ளுக்குள் செபமாலையே சொன்னேன். பிலோமினாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வரத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் ஜூட் பேசினான். எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டால் தெளிவாகிவிடும் என்று நம்புகிற தொழில் அவனுடையது.

“ஜோஸ்லின், நான் உன்னை நம்பறேன். ஆனா நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசிடக் கூடாது பாரு. நாளைக்குக் காலைல அந்தக் கேமரா முன்னாடி நீங்க மூணு பேரும் சேர்ந்து வந்து நில்லுங்க. அந்தக் கோட்டை நீயும் ஒரு தடவை போட்டுத் திரும்பிக் காட்டிடு. எல்லாருக்கும் நிம்மதியாப் போயிடும்.”

மிருதுவாகத்தான் கேட்டான். சுட்டது அந்த மிருதுதான் என்று நினைக்கிறேன். ஜோஸ்லின் அவனையே பார்த்தாள். துப்பட்டா நுனி விரலில் இல்லை.

“உங்களுக்கு வேணுமா? இல்ல, உங்கம்மாவுக்கா?”

“எனக்கும்தான்,” என்றான்.

“சரி. வாரேன்,” என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கே அந்த வீடு நிறைந்துவிட்டது. ஜூட் லீவு போட்டிருந்தான். பிலோமினா வாழைப்பழமும் பூவும் வாங்கி வந்திருந்தாள், சமாதானத்துக்கு. என்னைக் கூப்பிடவில்லை. கதவருகில் நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவுமில்லை.

அங்கே மழை. கேமராக் கண்ணாடியில் துளி துளியாக ஒட்டியிருந்தது. மூன்று உருவங்கள் வந்தன. எப்போதும் நிற்கிற மூன்றாவது கம்பத்தில் நிற்காமல், நேராகக் கேமராவுக்குக் கீழேயே வந்து நின்றார்கள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேமராவில் ஜோஸ்லினின் முகம் தெரிந்தது. மெலிந்திருந்தாள். பக்கத்தில் கோட்டுக்குள் குள்ளமாக ஒரு பெண், அவளுக்குப் பின்னால் அந்த உயரமான ஆள். எந்தக் கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் அவன் எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

“பாத்தீங்களா, நான் அப்பவே நெனச்சேன்,” என்றாள் பிலோமினா. ஜூட் மூச்சை விட்டுச் சிரித்தான். தெரசம்மாள் அக்கா சிலுவை போட எழுந்தாள்.

ஜோஸ்லின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்த ஆள் தன் ஜாக்கெட்டைக் கழற்றி மனைவிக்குப் போர்த்தினான். ஜோஸ்லின் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். துணிக்கடைக் கண்ணாடி முன்னால் சுற்றுவதுபோல, முதுகு, பக்கம், முன்பக்கம். கையைத் தூக்கி இரண்டு வளையத்தையும் காட்டினாள். பிறகு கழற்றினாள். கம்பி வேலியில், பட்டை எங்களைப் பார்க்கிற மாதிரி கோட்டை விரித்து மாட்டினாள். மாட்டிவிட்டு, கையை ஆட்டாமல் போய்விட்டாள்.

ஜூடின் போனில் ஜோஸ்லினிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. படித்துவிட்டு ஞானதாஸ் அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் சத்தமாகவே வாசித்தார், எழுத்துக் கூட்டுகிறவர்போல: “பார்த்தாச்சா? நான் சொன்னது போதவில்லை என்றால் இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்.”

அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. பிலோமினா பூவை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனாள். கல்யாணத்துக்காகப் போட்டிருந்த டிக்கெட்டை ஜோஸ்லின் அன்றைக்கே ரத்து செய்துவிட்டாள்.

கோட்டு அங்கேயே காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு வண்டி போகும்போதும் பட்டை பளீரென்று எங்கள் முகத்தில் அடித்தது. அங்கே விடிந்த பிறகு, நாயோடு வந்த ஒரு பெரியவர் அதை எடுத்து, மழைநீரை உதறி, மடித்து ஒரு பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அதுவரைக்கும் தெரசம்மாள் அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. ஞானதாஸ் அண்ணன் பட்டறைக்குப் போகவில்லை.

“வண்டிக்கு இதை ஒட்டறது பின்னாடி வர்றவன் இடிச்சுறக் கூடாதுன்னுதான்,” என்றார், யாரிடமோ. “நான் பின்னாடி இருக்கறவனெல்லாம் பாத்துட்டே இருக்கற மாதிரி ஒட்டிப்புட்டேன்.”

ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ பாத்தது பொய்யில்ல அக்சிலியா,” என்றாள் தெரசம்மாள் அக்கா. “நானும்தான் ரெண்டு மாசமாப் பாத்தேன். கை ஆட்டறது என்ற புள்ள இல்லைன்னு பெத்தவளுக்கே தெரியல. உன்னைய என்ன சொல்ல?”

பிறகு பன்னிரண்டு நாற்பதுக்கு என் வீட்டிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டேன். ஆண்ட்ரூஸ் சாப்பிடும்போது பேச மாட்டார்.

அந்த வருடம் மே மாதமே ஜூடுக்குக் கல்யாணம் ஆயிற்று. வாழப்பாடிப் பெண், பள்ளிக்கூட டீச்சர். கேமராவே இல்லாத ஊரில் பார்த்தார்கள் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள், நான் சொல்லவில்லை. ஷைனிக்கு ஆண் குழந்தை. பெரிய ஊராகப் பார்த்து அபர்டீனுக்குப் போய்விட்டார்களாம், அந்தப் பெஞ்சிலிருந்து எடுத்துவைத்திருந்த கோட்டோடு. அந்தக் கிழவி இறந்த பிறகு ஜோஸ்லினும் தர்ஸோவை விட்டுவிட்டாள். எதிரே தெரியும் அந்தத் தீவுகளில் ஒரு வேலை. அவள் கப்பல் ஏறின அன்றைக்கு அக்கா வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் நின்று அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடலில் ஒரு வெள்ளைப் புள்ளி இடமிருந்து வலமாக நகர்ந்தது. அக்கா அதன்மேல் சிலுவை போட்டாள். புள்ளி மறைந்ததும் டிவியை அணைத்தாள். அப்புறம் அந்த வீட்டு டிவியில் அந்தக் கடல் படத்தை யாரும் போடவில்லை. அண்ணனுக்குத் தூசியில் இருமல் அதிகமாகி, இரண்டு பேரும் வீட்டைக் காலிசெய்துகொண்டு சேந்தமங்கலத்தில் அண்ணனின் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். போகும்போது சாவியைக் கொடுத்துவைக்க எங்கள் வீட்டைத் தாண்டி, நாலாவது வீட்டுக்குப் போனாள் அக்கா.

போன வருடம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எதிர்பார்க்காத நேரத்தில் ஓலையில் அவள் பெயர் வந்தது. கல்யாணம் அந்தத் தீவிலேயே. அவள் பிறந்த பங்குக்கோயில் இது என்பதால் இங்கேயும் வாசிக்கச் சொல்லி அங்கிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை படகு இஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவராம். பெயரைச் சாமியார் இரண்டு தடவை தடுமாறித்தான் வாசித்தார். மூன்று வாரமும் போனேன். மூன்றாவது வாரம் ‘கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்று முடித்துவிட்டு, சாமியார் காகிதத்தை மடித்துக்கொண்டே நிமிர்ந்து, பெண்கள் பக்கம் நான் உட்கார்ந்திருந்த நாலாவது வரிசையைப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அக்டோபரில் கல்யாணம் ஆயிற்றாம். ஞானதாஸ் அண்ணனும் அக்காவும் போய்வந்தார்களாம். போட்டோ எதுவும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.